ஏகாம்பரம், பெ. (பி. ?)

வடசென்னைக் கலைக்களஞ்சியம், 'உ' முதல் 'ஐ' வரை.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
எருக்கஞ்சேரிக்கும் ஏற்றுமதிக் கிடங்குகளுக்கும் நடுவே
ஏழு வரி உயரத்துக்கு ஓர் இடம்
காலியாகக் கிடக்கிறது.
நிரப்பலாமா, இழுத்து மூடலாமா என்று சொல்ல
என்னை உட்காரவைத்திருக்கிறார்கள்,
தண்டையார்பேட்டையில் ஒரு வங்கியின் மாடியில்.
ஜன்னலைத் திறந்தால் டேங்கர் லாரிகளின் புகை.
மூடினால் என் வியர்வை.

விதி எளியது.
அவரோடு சம்பந்தமில்லாத இருவர்
அவரைப் பற்றி அச்சில் எழுதியிருக்க வேண்டும்.
அன்பு சான்று ஆகாது.

அன்போ கோணிப்பை நிறைய வந்து சேர்ந்திருக்கிறது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்காரர் எழுதுகிறார்:
'மாஸ்டர் இல்லன்னா நான் உள்ளதான் இருந்திருப்பேன்.'
உள்ளே என்றால் எங்கே என்று
இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை.
ஒருவர் விசிலையே அனுப்பிவிட்டார்,
உள்ளே உருளும் மணி போன விசில்.
ஊதிப் பார்த்தேன். வெறும் காற்று.
எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல்
இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
உடற்கல்வி ஆசிரியர், இருபத்தாறு வருடம்.
மைதானம் என்று ஒன்று கிடையாது.
சரக்கு ரயில் நின்று பெருமூச்சு விடும் தண்டவாளத்துக்கு இப்பால்
சாம்பல் கொட்டி மேடான ஒரு துண்டு.
ஒரு கோல் சுவரில், கரிக்கோடு.
எதிர் கோல் இரண்டு செங்கல்.

அச்சில் வந்தவை இரண்டே இரண்டு.
ஒரு மாலைப் பத்திரிகை, 1988:
பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து,
மாநிலக் கோப்பை கொருக்குப்பேட்டைக்கு.
பயிற்சியாளர் பெயர் 'ஏகாந்தம்' என்று இருக்கிறது.
இன்னொன்று வேறு பத்திரிகை, பத்தொன்பது நாள் கழித்து:
கோப்பை பறிப்பு. வயது மோசடி. பயிற்சியாளர் இடைநீக்கம்.
இதில் பெயர் சரியாக இருக்கிறது,
இனிஷியலோடு.

ஆக, விதிப்படி தேறிவிட்டார்.
வென்றதில் பாதி மதிப்பெண்,
பிடிபட்டதில் மீதி.

தேசப்பனுக்கு போன் செய்தேன். அந்த அணியின் இடது விங்.
இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் ஓட்டுகிறார்.
'எனக்கு அப்ப பதினாறா பதினேழா, எங்கம்மாவுக்கே தெரியாது சார்.
பொறந்த அன்னிக்கு மழைன்னு சொல்லும், அவ்ளோதான்.
மாஸ்டர்தான் ஒரு தேதி போட்டாரு.
பதினோரு பேர்ல ஆறு பேருக்கு அவர் போட்டதுதான்.
லைசென்ஸ்ல அதான். ரேஷன் கார்டுல அதான்.
என் பொண்ணு வருசா வருசம் அன்னிக்குத்தான் கேக் வாங்கியாருது.
நீங்க அது பொய்யின்னு எழுதுனா
நான் எப்ப சார் பொறந்தேன்?'
பின்னால் ஏழெட்டு ஹாரன் சேர்ந்து அலறியது.
'கேட்டைத் தொறந்துட்டான், வைக்கிறேன்.'

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு கடிதம்.
இறுதிப் போட்டியில் தோற்ற அணியின் கோல்கீப்பர்.
'எனக்குப் பதிமூன்று வயது.
மீசை அரும்பிய ஒருவன் வந்து மோதினான்.
வலது முழங்கால் இன்னும் முழுதாக மடங்காது.
பிறகு கோப்பை எங்களுக்கு வந்தது,
தபாலில்.'
கீழே கையெழுத்து, அதற்கும் கீழே, வேறு மையில்:
'அவரைப் போடுங்கள். இதையும் போடுங்கள்.'

போட்டேன்.
கோப்பை, பறிப்பு, சாம்பல் மேடு, ஆறு தேதிகள், முழங்கால்.

பிறந்த நாள் மட்டும் மிச்சம்.
ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டேன்.
ஜூன் ஒன்று என்றார்கள்.
பள்ளி திறக்கும் நாள்.
எந்த வாத்தியார் போட்டதோ.
கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழு வரிக்கு எட்டு வரி வந்துவிட்டது.
தூத்துக்குடியை வெட்டு என்றார் பதிப்பாசிரியர்.
சரி சார் என்றேன்.
அவர் டீ குடிக்க இறங்கிப் போனதும்
ஏற்றுமதிக் கிடங்குகளைத் திறந்து
மொத்தம் எத்தனை சதுர அடி என்ற வரியை எடுத்தேன்.
முழங்கால் இப்போது சரியாக உட்காருகிறது,
மடங்காமல்.